அடக்குதலும் அடங்குதலும்: தொடக்க வகுப்புகளில் உணர்வறிவும் தன்னடக்கமும்

தமிழில் 'அடங்கு' என்பது தன்வினை, 'அடக்கு' என்பது பிறவினை. முன்னதில் செயல் அதைச் செய்பவரிடமே தொடங்கி அவரிடமே நிறைவடைகிறது. பின்னதில் வேறொருவர் செய்விக்கிறார். முப்பது சிறுபிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறை ஓசையின்றி இருந்தால் அங்கே அடக்கம் குடிகொண்டிருப்பதாகப் பார்வையாளர் எண்ணக்கூடும். ஆனால் அந்த அமைதி பிள்ளைகள் தாமே அடங்கியதால் வந்ததா, ஆசிரியரின் குரலோ கையிலுள்ள குச்சியோ அடக்கியதால் வந்ததா என்பது, அவர் வகுப்பைவிட்டு வெளியே போன இரண்டாவது நிமிடத்தில்தான் தெரியவரும். திருக்குறளின் 13ஆம் அதிகாரத்துக்கு 'அடக்கமுடைமை' என்று பெயர். உடைமை என்பது ஒருவர் தமக்கென்று வைத்திருப்பதாகையால், பிறருக்கு அஞ்சி இரவல் வாங்கிய அடக்கத்துக்கு அச்சொல் பொருந்தாது. பிறவினையைப் படிப்படியாகத் தன்வினையாக மாற்றுவது எப்படி என்பதே இந்த இயலின் பொருள்.

இங்கே தன்னடக்கம் என்று குறிப்பிடப்படுவது, எழுந்த உணர்ச்சிக்கும் செய்யப்போகும் செயலுக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் வேறொரு செயலைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றல். உணர்வறிவு என்பது, உள்ளே எழுந்தது கோபமா, பயமா, அவமானமா என்று இனம்கண்டு பெயர் சொல்லவும், அதே போன்றதொன்று பக்கத்திலிருக்கும் பிள்ளைக்குள்ளும் எழுந்திருக்கும் என்று உணரவும் வல்ல அறிவு. இரண்டாவது இல்லாமல் முதலாவது வராது. எது வருகிறது என்றே அறியாத பிள்ளையால் அதை எப்படி நிறுத்திவைக்க முடியும்?

இவ்வியல் மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டத்து அலங்காநல்லூரையும் அதைச் சுற்றியுள்ள நெல், கரும்பு விளையும் ஊர்களின் தொடக்கப் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. ஓரிரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கு ஏற்காத எந்த முறையும் இங்கே சொல்லப்படவில்லை. தனிப் பாடவேளையோ விலைகொடுத்து வாங்கும் கருவியோ தேவையில்லை. தேவைப்படுவதெல்லாம் ஆசிரியர் தம் சொல்லைக் காப்பதும், ஊரே கொடுத்திருக்கும் சொற்களையும் விளையாட்டுகளையும் வகுப்புக்குள் அழைப்பதும்தான்.

பிள்ளையால் இயல்வது எவ்வளவு

ஐந்து முதல் எட்டு வயதுவரையுள்ள பிள்ளையிடம் மூன்று ஆற்றல்கள் ஒருங்கே முளைத்துக்கொண்டிருக்கின்றன: சொன்னதை மனத்தில் நிறுத்திவைப்பது, கை போக நினைத்த வழியில் போகாமல் நிறுத்துவது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு மனத்தை மாற்றிக்கொள்வது. உளவியலார் இம்மூன்றையும் சேர்த்துச் செயலாக்கத் திறன்கள் என்பர். இவற்றுக்கு அடிப்படையாக இருக்கும் முன்நெற்றிப் பகுதி மூளை முழு வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன என்பதை ஆசிரியர் மறக்காதிருந்தால், முதல் வகுப்புப் பிள்ளை நாற்பது நிமிடம் கைகட்டி உட்காரவில்லை என்பதற்காக வருந்தவேண்டிய தேவை இருக்காது. அந்த வயதில் பத்து நிமிடம் ஒரு வேலையில் ஊன்றியிருப்பதே பெரிது. பசி, உறக்கமின்மை, மாசி பங்குனி வெயில், வீட்டில் முந்தின இரவு நடந்த சண்டை ஆகிய ஒவ்வொன்றும் அந்தப் பத்தையும் ஐந்தாகக் குறைத்துவிடும்.

அடித்துத் திருத்துவது இந்த ஆற்றல்களை வளர்க்காது என்பதோடு, சட்டத்துக்கும் புறம்பானது. குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் 17ஆம் பிரிவில் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை நோகடிக்கும் துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்கிறது. இவ்விரண்டில் முதலாவதை நிறுத்திவிட்ட பள்ளிகளிலும் இரண்டாவது தொடர்வதுண்டு. தாமதமாக வந்தவனை வாசலில் நிறுத்தி மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பது, ஒருத்தியின் வீட்டு நிலையை வகுப்பின் நடுவே சொல்லிக்காட்டுவது போன்றவை பிரம்படியைவிட நெடுநாள் நிற்கும். அஞ்சிய பிள்ளையின் மனம் முழுவதும் ஆசிரியரின் முகத்தைக் கவனிப்பதிலேயே செலவாகிவிடுவதால், தன்னைத்தானே கவனிக்க அதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

காத்திருத்தலும் நம்பிக்கையும்

பொறுமையைப் பற்றிய ஆய்வுகளில் பலரும் கேள்விப்பட்டது, வால்டர் மிஷெல் என்னும் உளவியலர் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் நடத்தியது. பிள்ளையின் முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்து, 'நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்' என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் படிப்பில் சிறந்தார்கள் என்று பின்னர் வந்த செய்தி உலகெங்கும் பரவி, காத்திருக்காத பிள்ளையிடம் பிறவியிலேயே ஏதோ குறை இருக்கிறது என்னும் எண்ணத்தையும் கூடவே பரப்பிவிட்டது. 2018இல் டைலர் வாட்ஸும் அவருடைய துணையாய்வாளர்களும் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு இதை மீண்டும் பார்த்தபோது, அந்தத் தொடர்பு முன்பு சொல்லப்பட்ட அளவுக்கு வலுவாக இல்லை. குடும்பத்தின் நிலையையும் பிள்ளையின் தொடக்கக்கால அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்தபோது அதில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று.

ஆசிரியருக்கு அதைவிடப் பயன் தருவது, ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரின் குழு நடத்தி 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. மிட்டாயை வைப்பதற்கு முன்பே அக்குழுவினர் பிள்ளைகளுக்குப் பழைய வண்ணக்குச்சிகளைக் கொடுத்து, சற்றுப் பொறுத்தால் நல்லவை கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றவர்களிடம் 'இல்லை' என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதற்குப் பின் மிட்டாய் வைக்கப்பட்டபோது, சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடங்கள் பொறுத்திருந்தார்கள். சொல் தவறிய பெரியவரைக் கண்ட பிள்ளைகள் மூன்று நிமிடங்கள்தான் பொறுத்தார்கள். இருபத்தெட்டு பிள்ளைகளை மட்டுமே கொண்ட ஆய்வு என்பதால் இதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக்கூடாது. ஆயினும், தன் தட்டில் இருப்பதை உடனே தின்றுவிடும் பிள்ளை பேராசைக்காரன் அல்லன், நாளைக்கு என்று சொன்னது நாளைக்கு வந்ததில்லை என்பதைக் கற்றுக்கொண்டவன் என்று பார்க்க இது உதவுகிறது.

மழை பொய்த்த ஆண்டையும், அரவை நின்றுபோன கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும், கூலி வருமா வராதா என்று வாரக் கடைசிவரை தெரியாத வீட்டையும் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பள்ளிதான் சொன்னது நடக்கும் இடமாக இருக்கமுடியும். அதனால் ஆசிரியர் கொடுக்கும் வாக்குறுதிகள் மிகச் சிறியவையாகவும் அன்றே நிறைவேறக்கூடியவையாகவும் இருக்கவேண்டும். 'நல்லா இருந்தா அப்புறம் விளையாடலாம்' என்பதில் 'அப்புறம்' எப்போது என்று பிள்ளைக்குத் தெரியாது; 'இந்த அஞ்சு சொல்ல எழுதி முடிச்சதும் வேப்பமரத்தடிக்குப் போறோம்' என்பதில் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றவேண்டிய விவரமோ, வட்டார வளமையத்துப் பயிற்சியோ குறுக்கிட்டு வாக்கு தவறிப்போவதுண்டு. அப்போது அதை மறந்ததுபோல் கடந்துபோகாமல், தவறியது என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லி, என்றைக்கு ஈடுசெய்யப்படும் என்பதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது. எழுதியது நிறைவேறும்வரை அது அழிக்கப்படாமல் இருப்பதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பார்கள்.

தட்டுக்கு முன்னால்

பசித்த பிள்ளையிடம் அடக்கத்தைப் பேசுவது பயனற்றது என்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவும் பகல் பசியைப் பார்த்துக்கொண்டன. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. விடியலிலேயே களையெடுக்கவோ நாற்று நடவோ போய்விடும் தாய்மாரின் பிள்ளைகள், உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ உண்டபின்தான் முதல் பாடவேளையில் உட்காருகிறார்கள். முதல் மணிநேரத்துச் சிணுங்கலும் கைகலப்பும் எந்தெந்தப் பிள்ளைகளிடம் வருகின்றன என்பதை ஆசிரியர் ஒரு வாரம் குறித்துப் பார்த்து, அவர்கள் காலை உணவுக்கு வந்தவர்களா என்பதோடு ஒப்பிட்டால், அறிவுரை தேவையா, அரைமணி முன்னதாக வரச்சொல்வது போதுமா என்பது விளங்கும்.

உணவு நேரம் வேறொரு வகையிலும் வகுப்பறைதான். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஜப்பானியச் சிறுபிள்ளைகள் தின்பண்டத்துக்காக நெடுநேரம் பொறுத்திருந்தும், உறையிட்ட பரிசுப்பொருளுக்காக அவ்வளவு பொறுக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளோ இதற்கு நேர்மாறாகப் பரிசுக்குப் பொறுத்து, தின்பண்டத்துக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் பரிமாறி முடியும்வரை கைவைக்காத வழக்கம் ஜப்பானியருக்கு உண்டு. விழா நாள்வரை பரிசைப் பிரிக்காத வழக்கம் அமெரிக்கருக்கு உண்டு. பொறுமை என்பது ஒரே கட்டியாகப் பிறவியில் கிடைப்பதன்று, எந்த இடத்தில் பழகினோமோ அந்த இடத்தில் ஊறுவது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

நம் பந்தியிலும் அவ்வழக்கம் உண்டு. கடைசி இலைக்குச் சோறு விழும்வரை முதல் இலைக்காரர் காத்திருப்பது பெரியவர்களுக்குத் தெரிந்த மரியாதை. சத்துணவு வரிசையில் தட்டோடு நின்று, வாங்கிய இடத்திலேயே அள்ளித் தின்னும் முறையை மாற்றி, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நாள்தோறும் இரண்டு பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறவும் எல்லோர் தட்டும் நிறைந்தபின் சேர்ந்து உண்ணத் தொடங்கவும் பழக்கினால், ஆண்டுக்கு இருநூறு நாளுக்குக் குறையாமல் பொறுமைக்கான பயிற்சி கிடைத்துவிடுகிறது. தொடக்கத்தில் பத்துத் தட்டுகள் உள்ள சிறு வட்டங்களே போதும். காத்திருப்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. பரிமாறும் பிள்ளை தன் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொள்ளும்.

உணர்ச்சிக்குப் பெயர்

பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறார். அச்சமும் அழுகையும் வெகுளியும் உவகையும் இன்றும் வழக்கிலுள்ள சொற்கள். சிரிப்பை நகை என்றும், வியப்பை மருட்கை என்றும், தாழ்வுற்ற உணர்வை இளிவரல் என்றும், தலைநிமிர்வைப் பெருமிதம் என்றும் அவர் கூறினார். உள்ளத்தில் எழுவது மெய்யில், அதாவது உடம்பில், பிறர் காணும்படி புலப்படுவதால் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களை அவர் சொல்லியிருப்பது ஆசிரியர் ஊன்றிப் பார்க்கவேண்டியது. அழுகைக்குரிய காரணங்களில் இழப்பும் வறுமையும் மட்டுமன்றிப் பிறரால் இழிவுபடுத்தப்படுவதும் இருக்கிறது; வெகுளிக்குரியவற்றில் அலைக்கப்படுவதும், அதாவது அடித்தும் வைதும் துன்புறுத்தப்படுவதும், உவகைக்குரியவற்றில் விளையாட்டும், பெருமிதத்துக்குரியவற்றில் கல்வியும் இருக்கின்றன. அழுகிற பிள்ளையிடம் 'ஏன் அழுகிறாய்' என்று கேட்பதற்கு முன், இழந்ததா, இல்லாததா, இழிவுபட்டதா என்று ஆசிரியர் தமக்குள் கேட்டுக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்த அறிவைப் பிள்ளைக்குக் கொண்டுசேர்க்க அலங்காநல்லூரில் ஒரு நல்ல வழி இருக்கிறது. இவ்வூரிலும் பாலமேடு முதலிய சுற்றூர்களிலும் பல வீடுகளில் சல்லிக்கட்டுக் காளை வளர்கிறது. வாடிவாசலில் நெருங்கமுடியாத காளை, கட்டுத்தறியில் அவ்வீட்டுச் சிறுமி நீட்டும் கையை நக்கிக்கொண்டு நிற்கும். அதன் மனநிலையை வாய்ச்சொல் இல்லாமலே படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் எப்போதும் சிலர் இருப்பார்கள். 'மாட்டுக்குக் கோவம் வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?' என்று கேட்டால், காது நிமிரும், தலை தாழும், மூச்சுச் சீறும், முன்னங்கால் மண்ணைக் கிளறும் என்று அடுக்குவார்கள். பயந்திருக்கும்போது எப்படி இருக்கும், புது ஆள் வந்தால் என்ன செய்யும், எதைச் செய்தால் தணியும் என்று கேள்வி ஒவ்வொன்றாக நகரும்போது, மற்ற நேரங்களில் வாய்திறக்காத பிள்ளையும் பேசத்தொடங்கும். தெரிந்தவர் என்னும் நிலையிலிருந்து பிள்ளை பேசுவதுதான் இப்பாடத்தின் வலிமை.

அதற்கு மறுநாள் கேள்வி திசை திரும்புகிறது: 'உனக்குக் கோவம் வந்தா உடம்புல எங்க தெரியும்?' காது சூடாகும், கை இறுகும், பல் கடிக்கும், தொண்டை அடைக்கும், 'வயித்தக் கலக்குது', 'நெஞ்சு படபடங்குது' என்று விடைகள் வரும். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பிள்ளையின் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, கோபம் எங்கே, பயம் எங்கே, மகிழ்ச்சி எங்கே என்று வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் அவர்களையே குறிக்கச் சொல்லலாம். இரண்டு பிள்ளைகளின் கோபம் ஒரே இடத்தில் இருக்காது என்பதை அவர்கள் கண்டு வியப்பார்கள். உடம்பின் அறிகுறியைக் கண்டுகொண்ட பிள்ளைக்கு, கை ஓங்குவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. தன்னடக்கத்துக்குத் தேவைப்படும் இடைவெளி அங்கேதான் பிறக்கிறது.

சொற்களைப் பிள்ளைகளின் வாயிலிருந்தே திரட்டவேண்டும். கோவம், கடுப்பு, எரிச்சல், ஆத்திரம், வீம்பு என்று ஒரே தீயின் பல உயரங்களுக்கும், பயம், கூச்சம், ஏக்கம், வெசனம், சங்கடம், அசிங்கமாப் போனது என்று உள்ளே ஒடுங்கும் நிலைகளுக்கும் மதுரைப் பேச்சில் சொற்கள் நிறைந்திருக்கின்றன. 'ஒரு மாதிரியா இருக்கு' என்பது பிள்ளைகள் அதிகம் சொல்லும் விடை. அதைத் திருத்தவேண்டியதில்லை, 'எந்த மாதிரி, வெசனம் மாதிரியா, கடுப்பு மாதிரியா?' என்று ஒருபடி மேலே அழைத்துச் சென்றால் போதும். உணர்ச்சிக்குச் சொல் கொடுப்பது மூளையில் அதன் கொதிப்பைக் குறைக்கிறது என்பதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் பெரியவர்களிடம் மூளைப் படமெடுத்துக் காட்டினர். அப்படமெல்லாம் இல்லாமலும், 'கோவமா இருக்கேன் டீச்சர்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அதற்குள் பாதி தணிந்திருப்பதை எந்த ஆசிரியரும் காணலாம்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் தாமே வருகையைக் குறிப்பதும், காலநிலை அட்டவணையில் வெயிலா மேகமா மழையா என்று காட்டுவதும் நடைமுறையில் இருந்தன. 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் வகுப்புகளிலும், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகள் அமரும்போது, அதே போன்றதோர் அட்டவணைக்குச் சுவரில் இடம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஓர் அட்டை வைத்து, வந்தவுடன் அன்றைய மனநிலைக்குரிய முகத்தின்கீழ் அதை மாட்டச்சொல்லலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. சிரித்த முகத்தின்கீழ் மாட்டிய பிள்ளையைப் பாராட்டினால் மறுநாள் எல்லா அட்டைகளும் அங்கேதான் இருக்கும், அட்டவணை செத்துப்போகும். அழுத முகத்தின்கீழ் மாட்டிய பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்டாலும் அப்படியே. பார்த்துக்கொண்டு, பிறகு தனியே, நோட்டுத் திருத்தும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே ஏற்றது.

விளையாட்டில் நிறுத்தம்

நிறுத்தும் ஆற்றலுக்கு விளையாட்டைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. விதியை மீறினால் ஆட்டம் போய்விடும் என்பதால் பிள்ளை தன்னைத்தானே பிடித்து நிறுத்துகிறது. கைதட்டல் நின்றதும் அசையாமல் நிற்கும் சிலை ஆட்டம், தலை என்றால் காலையும் கால் என்றால் தலையையும் தொடவேண்டிய மாறாட்டம், காயை எண்ணி எண்ணிப் போட்டுவிட்டு எதிராளியின் முறைக்குக் காத்திருக்கும் பல்லாங்குழி ஆகியவை, முன்பு சொன்ன மூன்று ஆற்றல்களையும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. பாடிப்போகிறவர் ஒரே மூச்சை நீட்டி நீட்டி விட்டுக்கொண்டே எதிரணிக்குள் நிதானம் இழக்காமல் நிற்கவேண்டிய கபடியோ, மூச்சைக் காக்கவும் கற்றுத்தருகிறது.

அலங்காநல்லூர்ப் பிள்ளைகளுக்கு மிக நன்றாகத் தெரிந்த நிறுத்தம் ஒன்று வாடிவாசலிலேயே இருக்கிறது. தை மூன்றாம் நாள் சல்லிக்கட்டில் கோயில் காளைகள்தான் முதலில் அவிழ்க்கப்படுகின்றன; ஆண்டு முழுவதும் காத்திருந்த வீரர்கள் அங்கே நின்றும், அவற்றை எவரும் பிடிப்பதில்லை. அதன்பின் வரும் காளைகளிலும் திமிலை மட்டுமே பிடிக்கலாம், கொம்பையோ வாலையோ பற்றக்கூடாது, ஒரு காளையை ஒருவர்தான் அணையவேண்டும். வீரம் என்று ஊர் கொண்டாடுவதன் உள்ளே கையை இழுத்துக்கொள்ளும் விதிகள் இத்தனை இருக்கின்றன என்று எடுத்துக்காட்டினால், அடங்குவது கோழைத்தனம் என்று நினைக்கும் சிறுவனுக்கு அது உறைக்கும். இதையே ஆட்டமாக்கலாம்: வட்டத்தின் நடுவே துணிப்பந்து உருண்டு வரும், நீலப்பந்தைப் பிடிக்கலாம், மஞ்சள்பந்து கோயில் காளை, அதைத் தொடாமல் கைகூப்பி வழிவிடவேண்டும். நான்கைந்து முறைக்குப் பின் வண்ணங்களை மாற்றினால், பழகிய கையைத் திருப்பிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உணர்வார்கள். பிள்ளையையே காளையாக்கி மற்றவர் மேலே விழும் ஆட்டத்தை மட்டும் பள்ளி வளாகத்தில் அனுமதிக்கக்கூடாது. கழுத்துச் சுளுக்கும் எலும்பு முறிவும் அதில் எளிதில் நேரும்.

மூச்சுப் பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மல்லிகைச் சரத்தை முகர்வதுபோல் மெல்ல இழுத்து, சுடுசோற்றை ஆற்ற ஊதுவதுபோல் நெடுநேரம் விடும் மூச்சு ஐந்து போதும். விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிகிறது. இதைக் கோபம் வந்த வேளையில் முதன்முதலாகக் கற்பிக்க முயல்வது வீண். நாள்தோறும் காலை வழிபாட்டுக்குப் பின், எல்லோரும் நன்றாக இருக்கும் வேளையில் பழகியிருந்தால்தான் வேண்டியபோது வரும்.

கொந்தளித்த வேளையில்

ஒரு பிள்ளை இன்னொன்றை அடித்துவிட்டது என்றால் முதலில் இருவரையும் பிரித்து, அடிபட்டதைப் பார்த்து, அடித்ததைப் பார்வைக்கு எட்டும் தூரத்தில் அமைதியாக உட்காரவைக்கவேண்டும். உடனே விசாரிக்கக்கூடாது, கொதித்துக்கொண்டிருக்கும்போது கேட்கும் கேள்வி எதுவும் பிள்ளையின் காதில் ஏறாது. தண்ணீர் குடிக்கக் கொடுப்பது, கரும்பலகை துடைக்கச் சொல்வது, குடத்தைப் பிடிக்கச் சொல்வது போல உடம்புக்கு ஒரு வேலை கொடுத்தால் பத்து நிமிடத்தில் தணிவு வரும். ஆசிரியரின் குரல் இந்தப் பத்து நிமிடத்தில் தாழ்ந்தே இருக்கவேண்டும், ஏனெனில் அடங்குவது எப்படி என்பதற்கு அப்போது பிள்ளை பார்க்கும் ஒரே எடுத்துக்காட்டு அதுதான். பிறகு, 'என்ன வந்துச்சு தம்பி, கோவமா, அசிங்கமாயிருச்சா?' என்று உணர்ச்சியிலிருந்து தொடங்கி, 'கோவம் வரலாம், கைதான் வரக்கூடாது' என்று இரண்டையும் பிரித்துக்காட்டி, வேறு என்ன செய்திருக்கலாம் என்பதை அவன் வாயாலேயே சொல்லவைக்கவேண்டும்.

மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்தினால் சொல் வரும், மனம் வராது. பிள்ளைகளிடம் இதற்கென்று அவர்களே வைத்திருக்கும் ஏற்பாடு 'காய்' விடுவதும் 'பழம்' விடுவதும். இது அடிக்காமலே கோபத்தை அறிவிக்கவும், தோற்காமலே திரும்பி வரவும் வழிவகுத்த ஒரு நாகரிகம். பெரியவர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்காமல், 'காய் எப்ப பழமாகும்?' என்று கேட்டுவிட்டுக் காலம் கொடுத்தால், பெரும்பாலும் மதியச் சோற்றுக்கு முன்பே பழுத்துவிடும். ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து காய் விடுவது மட்டும் வேறு வகையானது. சாதியோ வீட்டு வறுமையோ உடற்குறையோ அதன் பின்னால் இருக்கக்கூடும் என்பதால், ஆசிரியர் அன்றே தலையிடவேண்டும்.

வீட்டின் பங்கு

'ஆம்பளப் பிள்ள அழலாமா', 'பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோவமா' என்னும் இரண்டு சொற்றொடர்கள், சிறுவனிடமிருந்து அழுகையையும் சிறுமியிடமிருந்து வெகுளியையும் பறித்துவிடுகின்றன. அழ வழியில்லாத துயரம் சிறுவனின் கையில் அடியாக வருகிறது, கோபிக்க வழியில்லாத சிறுமி வயிற்றுவலி என்று சுருண்டுகொள்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் இதை அறிவுரையாகச் சொல்லாமல், உடம்பு உருவத்தில் பிள்ளைகள் குறித்த வண்ணங்களைப் பெயரில்லாமல் காட்டினாலே உரையாடல் தொடங்கிவிடும்.

இவை எதற்கும் அசையாத நடத்தையும் உண்டு. வாரக்கணக்கில் பேசாமை, உறக்கத்தில் அலறல், தொட்டாலே ஒடுங்குவது, உடம்பில் தழும்பு, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு போன்றவற்றைத் தன்னடக்கக் குறையாகக் கருதுவது பெரும் பிழை. வீட்டில் குடியும் அடியும், அல்லது அதைவிடக் கொடியதும் இருக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416 ஆகியவை வகுப்புச் சுவரில் பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்று அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். ஊர்ப் பெயர் கெடும் என்று தயங்க அதில் இடமில்லை.

பொங்கலுக்குப் பின் பள்ளி திறக்கும் நாள்

அலங்காநல்லூர்ப் பகுதிப் பள்ளிகளில் ஆண்டின் மிகக் கொந்தளிப்பான நாள், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள். காளை பிடிபடாமல் வென்ற வீட்டுப் பிள்ளை தலைநிமிர்ந்து வரும். பிடிபட்ட காளையின் வீட்டுப் பிள்ளை கேலிக்கு அஞ்சி வரும். அண்ணனோ சித்தப்பாவோ காயப்பட்டு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் கிடக்க, யாரிடமும் சொல்லாமல் வருவதும் உண்டு. அன்று புத்தகத்தைத் திறப்பதற்கு முன் முதல் முக்கால் மணிநேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, முதலில் படம் வரையவும் பிறகு விரும்பியவர் மட்டும் பேசவும் விடுவது நல்லது. பெருமிதத்துக்கும் இளிவரலுக்கும் ஒரே வகுப்பில் இடம் கொடுக்கும்படி, வென்ற காளையைப் பற்றி ஒருவர் பேசினால், பிடிபட்ட காளைக்கு அன்றிரவு வீட்டில் என்ன தீனி வைத்தார்கள் என்று அடுத்தவரிடம் கேட்கலாம். பேசாமல் வரைந்த பிள்ளைகளின் தாள்களை ஆசிரியர் தனியே எடுத்துவைத்து, மதியம் தட்டோடு அவர்களுள் ஒருவர் பக்கத்தில் போய் உட்காரவேண்டும். மறுநாள் இன்னொருவர் பக்கத்தில்.